பதவிக்கு முன் ஒரு தொழில்: திருச்சி, ஸ்ரீரங்கம், சமயபுரம் வட்டாரத்து அரசியலர்கள்

அரசியல் பதவிக்கு வருமுன் ஒருவர் பார்த்த வேலை, அவரது வாழ்க்கைக் குறிப்பில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மருத்துவர், வழக்கறிஞர், நடிகை, ரயில்வே ஊழியர் என்று சொல்லிவிட்டுக் குறிப்பு தேர்தலுக்குத் தாவிவிடும். ஆனால் எந்த வாசல் வழியாக ஒருவர் பதவிக்கு வந்தார், வரும்போது யார் கூட வந்தார்கள், வந்தபின் எதைச் செய்ய முடிந்தது ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இருபுறமும் கிடக்கும் திருச்சிராப்பள்ளி வட்டாரம் இதை ஆராய ஏற்ற இடம். கோட்டையும் கண்டோன்மென்ட்டும், பெருங்கோயில்களும், ரயில்வே தலைமையகமும் பணிமனையும் ஒரே ஊரைச் சுற்றி அமைந்ததால், பலவகைத் தொழில் செய்தவர்கள் இங்கிருந்து பொதுவாழ்வுக்கு வந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் காணக்கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டு உள்ளூர்க்காரர் அல்ல. ராபர்ட் கிளைவ் 1744இல் 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். கணக்கேடு எழுதும் வேலையிலிருந்து படைக்கு மாறி, 1751இல் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் பெற்றார். மறு ஆண்டு திருச்சி முற்றுகையின்போது பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, பிரெஞ்சு ஆதரவில் நவாப் பதவி கோரிய சந்தா சாகிபோடு ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். வடக்கிலிருந்து அவர்களுக்கு உணவும் உதவிப்படையும் வந்து சேராதபடி தடுக்கக் கிளைவின் படை கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் முகாமிட்டது. ஆங்கிலேய வரலாற்று நூல்களில் ‘சமயவரம்’ என்று வரும் ஊர் இதுதான். அங்கே நள்ளிரவில் நடந்த திடீர்த் தாக்குதலில், பிரெஞ்சுப் படையில் சேர்ந்திருந்த ஆங்கிலேய ஓடுகாலிகள் காவலாளிக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி உள்ளே நுழைந்தார்கள். கிளைவ் காயத்தோடு உயிர் தப்பினார். 1752 ஜூனில் லா சரணடைந்தார்.

இரண்டே ஆண்டில், 1754இல், கிளைவ் இங்கிலாந்தில் மிட்செல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். தேர்தல் முறையீட்டில் 1755இல் அந்த இடம் பறிபோக, மறுபடி கப்பலேறி இந்தியா வந்தார். பிறகு 1761 முதல் 1774இல் இறக்கும்வரை ஷ்ரூஸ்பரியின் உறுப்பினர். அவரை நாடாளுமன்றத்துக்கு அழைத்துப்போனதில் போர்ப்புகழுக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் சேர்த்த பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதே நாடாளுமன்றம்தான் 1772–73இல் அந்தப் பணம் வந்த வழியை விசாரித்தது. முன்தொழிலே பதவிக்குப் படியாகவும் பின்னர் குற்றப்பத்திரிகையாகவும் ஆனதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உள்ளூர் மண்ணில் இப்பொருளுக்கு மிகச் செறிவான எடுத்துக்காட்டு டாக்டர் தி.சே.சௌ. ராஜன். 1880இல் ஸ்ரீரங்கத்தில் வைணவ அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர். இராயபுரத்தில் மருத்துவம் படித்து, பர்மாவிலும் தொழில் செய்திருக்கிறார். மேற்படிப்புக்காக 1907இல் லண்டன் சென்று, 1911இல் எம்.ஆர்.சி.எஸ். தகுதி பெற்றார். அதே 1911இல்தான் பிற்கால மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயும் லண்டனில் தம் மருத்துவப் பட்டங்களை முடித்தார். காலனி நாடுகளிலிருந்து லண்டன் போன மாணவர்களில் ஒரு பகுதியினர் அறுவைக் கத்தியோடு அரசியலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு திரும்பிய காலம் அது.

ராஜனுக்கு அந்த அரசியல் பாடம் லண்டனில் இந்திய மாணவர்கள் தங்கிய இந்தியா ஹவுஸில் கிடைத்தது. சாவர்க்கரும், திருச்சி வரகனேரியிலிருந்து சட்டம் படிக்கச் சென்ற வ.வே.சு. ஐயரும் அங்கே இருந்தார்கள். 1909 அக்டோபரில் லண்டன் வாழ் இந்தியர்கள் நடத்திய விஜயதசமி விருந்துக்குக் காந்தி தலைமை தாங்கினார். விருந்துக்கு முன்பே வந்து, சமையல் வேலையில் கைகொடுத்துப் பாத்திரம் துலக்கிய ஒல்லியான மனிதர்தான் அன்றைய தலைவர் என்பது பிறகே தெரியவந்தது என்ற செய்தி ராஜன் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. ஆயுதப் புரட்சி பேசிய குழுவில் பழகிய இளம் மருத்துவர் பின்னாளில் காந்தியின் வழிக்கு வந்தார். இந்த மாற்றத்தை அந்த ஒரு மாலையோடு முடிச்சுப் போடுவது கதைக்கு அழகாக இருக்கும், வரலாற்றுக்குப் பொருந்தாது. இடையில் பத்தாண்டுத் தொழில் வாழ்க்கை இருக்கிறது.

கடல் கடந்து போய்வந்தவர் என்பதால் ஸ்ரீரங்கத்து வைதிகர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். சாதியார் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட மருத்துவருக்கு நோயாளிகளின் கதவு திறந்தே இருந்தது. ஸ்ரீரங்கத்திலும் பின்னர் திருச்சி கண்டோன்மென்ட்டிலும் தொழில் நடத்தி, 1923இல் ராஜன் கிளினிக்கை நிறுவினார். அன்றைய காங்கிரசை நடத்தியவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் சட்டமன்றங்களையும் அரசுப் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் புறக்கணிக்கச் சொன்னபோது வழக்கறிஞருக்கு அரசியலும் வருமானமும் ஒன்றையொன்று வெட்டின. ராஜாஜி சேலத்தில் செழிப்பாக நடந்த வக்கீல் தொழிலைக் கைவிட நேர்ந்தது. மருத்துவருக்கு அந்த நெருக்கடி இல்லை. நாடி பார்ப்பதைப் புறக்கணிக்கும்படி எந்தத் தீர்மானமும் கேட்கவில்லை. சிறைக்கு வெளியே இருந்த நாட்களில் ராஜன் தொழிலையும் இயக்கத்தையும் சேர்த்தே நடத்த முடிந்தது. கட்சிப் பணத்தை எதிர்பார்க்காமல் கட்சி வேலை செய்ய முடிந்தது. அவர் காலத்து அரசியலில் மருத்துவத் தொழிலுக்கு இருந்த தனி அனுகூலம் இதுவே. நோயாளிகளிடம் ஏற்படும் நன்றியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சொந்தச் சம்பாத்தியம் தரும் நிமிர்வைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த நிமிர்வு எதற்கு உதவியது என்பது 1930 ஏப்ரல் 13 அன்று தெரிந்தது. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரை திருச்சி கண்டோன்மென்ட்டில் இருந்த ராஜனின் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏறத்தாழ 150 மைல் நடந்து, ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருவோர் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அத்தனை பேரைத் திரட்டி, தேர்ந்தெடுத்து, வெயிலில் பதினைந்து நாள் நடக்கவைக்கும் ஏற்பாட்டில் மருத்துவரான ராஜனின் கை இருந்தது. அவரும் கைதாகிச் சிறை சென்றார். யாத்திரை தொடங்கிய இடத்தில் இன்று நினைவுத் தூண் நிற்கிறது.

பதவி பிறகு வந்தது. 1934இல் மத்திய சட்டசபை உறுப்பினர். 1937 ஜூலையில் ராஜாஜி அமைத்த சென்னை மாகாண அமைச்சரவையில் பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் அவர் பொறுப்பு. மருத்துவரிடம் சுகாதாரம் போனதில் வியப்பில்லை. அவர் அமைச்சராக இருந்தபோதுதான் 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம் என எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி இது. இந்தியாவில் வேறெந்த மாகாணமும் அதற்குமுன் இப்படி விரிவான சட்டம் இயற்றவில்லை. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது அரசு அதைப் பயன்படுத்தியது.

இந்தச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் உண்டு. லட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடத்தில் குடிநீர் கெட்டால் காலரா ஊர் ஊராகப் போய்விடும் என்பது அந்நாளைய சுகாதார அலுவலர்களுக்கு அனுபவப் பாடம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்திலும் சித்திரைத் தேருக்குச் சமயபுரத்திலும் திரளும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. சுகாதாரமும் அறநிலையமும் தொடர்பில்லாத இரண்டு துறைகளாகத் தோன்றும். திருவிழாவில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அறநிலையத் துறையில்தான் சோதனை. ஆலயப் பிரவேச இயக்கம் சூடுபிடித்த காலம். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தார்கள். அதில் ஈடுபட்டவர்களைக் காக்கவும் பிற கோயில்களைத் திறக்கவும் அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வைதிகத் தரப்பின் கோபம் அமைச்சரவையின் மேல் திரும்பியது. அறநிலைய அமைச்சரோ சொந்த ஊரிலேயே ஒருமுறை விலக்கிவைக்கப்பட்டவர். மருத்துவப் பட்டம் தராத ஒரு தகுதியை, அந்தப் பட்டத்துக்காகக் கடல் தாண்டியது தந்திருந்தது. 1947இல் கோயில்கள் முழுவதுமாகத் திறக்கப்பட்ட சட்டம் வந்தபோதும், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் ராஜன் அங்கம் வகித்தார். 1953இல் மறைந்தார். அவரது தன்வரலாறான ‘நினைவு அலைகள்’ தமிழில் அரசியலர் எழுதிய தன்வரலாறுகளில் சலிப்பில்லாமல் படிக்கக்கூடிய சிலவற்றுள் ஒன்று.

அதே தலைமுறையில், திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் கல்லூரியிலும், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1912இல் மருத்துவரானார். சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்ற தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டார். தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சபையில் வாதாடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. ராஜனைப்போல அமைச்சர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாண்டுச் சட்டசபை வாழ்க்கையும், பிற்பாடு 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும்தான் அவர் பெயரை நிறுத்தியிருக்கின்றன. பதவியைவிட முன்தொழிலே நீண்டு நின்ற வாழ்க்கை.

நகராட்சி அரசியலில் வேறொரு வகையினர் வந்தார்கள். எஃப்.ஜி. நடேச ஐயர் தென்னிந்திய ரயில்வேயில் உயர் அலுவலர், கூடவே நாடக நடிகர். 1914இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவினார். அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க அவர் கண்டெடுத்த சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1920களில் நடேச ஐயர் திருச்சி நகராட்சித் தலைவராக இருந்தார். 1938இல் ‘சேவாசதனம்’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தார். சினிமாவுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை 1950களிலிருந்து கணக்கிடும் வழக்கம் இவரைப் போன்றவர்களை விட்டுவிடுகிறது. மேடையில் பழகிய முகம் நகராட்சிக்குப் போனது திருச்சிக்கு அப்போதே புதிதல்ல.

ரயில்வே தந்த அரசியலர்களில் கனமானவர்கள் அலுவலர் வரிசையில் இல்லை, தொழிலாளர் வரிசையில் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1928இல் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. அதே ஆண்டு ஜூலையில் சிங்காரவேலர் முதலானோர் முன்னின்ற பெரும் வேலைநிறுத்தம் நடந்து, அடக்குமுறையில் முடிந்தது. அதன்பின் பொன்மலை ஒரு தொழிற்சங்கக் கோட்டையாக வளர்ந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐவர் இறந்தார்கள். பொன்மலைத் தியாகிகள் என்று சங்கத்தார் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

இந்தச் சங்கத்திலிருந்து வந்தவர்தான் கே. அனந்தன் நம்பியார். 1946 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்துக்கு அவர் சென்றது ஊர்த் தொகுதி வழியாக அல்ல, ரயில்வே தொழிற்சங்கத் தொகுதி வழியாக. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் தொழிலாளருக்கு 6, வணிகம், தொழில், சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு 6, நிலவுடைமையாளருக்கு 6, பல்கலைக்கழகத்துக்கு 1 என்று ஒதுக்கியிருந்தது. ஒருவரின் தொழிலே அவருக்குத் தொகுதியாக அமைந்த ஏற்பாடு இது. மிகச் சிலருக்கே வாக்குரிமை இருந்த காலத்தில், சங்கத்தில் உறுப்பினரான தொழிலாளிக்கு அதுவே வாசல். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்ததும் இந்த இடங்கள் மறைந்தன. ஆனால் நம்பியார் மறையவில்லை. 1952இல் மாயவரத்திலிருந்தும், 1962, 1967இல் திருச்சியிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப்பின் 1971, 1977 தேர்தல்களில் திருச்சியில் வென்ற எம். கல்யாணசுந்தரமும் ரயில்வே சங்கப் பணியில் வளர்ந்த கம்யூனிஸ்ட். 1962 முதல் 1980 வரை திருச்சித் தொகுதி ரயில்வே தொழிற்சங்கத்தாரின் கையிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் காங்கிரசும் பின்னர் திராவிடக் கட்சிகளும் ஆட்சி நடத்திய ஆண்டுகள் அவை. கூட்டணிக் கணக்குகள் இந்த வெற்றிகளுக்கு உதவின என்றாலும், கூட்டணி பேசும் மேசையில் திருச்சியைக் கேட்டுவாங்கும் வலு பொன்மலையிலிருந்தே வந்தது.

தொழில்வழி இடங்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவு, சட்ட மேலவையுள்ள மாநிலங்களில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் இடம் தருகிறது. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களை ஆளுநர் நியமிக்கவும் வழி செய்கிறது. மாநிலங்களவையில் இப்படி 12 நியமன இடங்கள். தமிழ்நாட்டு மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டதற்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுவதும் ஒரு கலைஞரின் நியமனமே: ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டிருந்ததால் அவர் உறுப்பினராவது சிக்கலானது.

1965இல் வந்த அந்த ‘வெண்ணிற ஆடை’யில்தான் ஜெயலலிதாவும் தமிழில் அறிமுகமானார். ஸ்ரீரங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 1980 வரை தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். 1982இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார்; அத்திட்டத்தின் உயர்மட்டக் குழுவில் ஜெயலலிதாவுக்கு இடம் கிடைத்தது. 1983இல் கொள்கை பரப்புச் செயலாளர், 1984இல் மாநிலங்களவை உறுப்பினர், 1989இல் போடிநாயக்கனூரில் வெற்றி, 1991இல் முதலமைச்சர். சினிமாப் புகழ் நேராகக் கோட்டைக்கு அனுப்பிவைத்தது என்பது மேலோட்டமான கணக்கு. நடிப்பை விட்டபின் கட்சிக்குள் ஒன்பது ஆண்டு அவர் போராடியிருக்கிறார். அந்த ஒன்பது ஆண்டில் அவருக்குக் கைகொடுத்தவை மேடையில் பேசும் பழக்கமும் பல மொழிகளில் இருந்த தேர்ச்சியும். புகழ் மட்டும் போதுமென்றால், கட்சி தொடங்கித் தோற்ற நடிகர்களின் பட்டியல் இவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

2011இல் அவர் பூர்வீக ஊரான ஸ்ரீரங்கத்தில் நின்று 41,848 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஸ்ரீரங்கம் முதலமைச்சர் தொகுதியானது. 2014 செப்டம்பரில் சொத்துக்குவிப்பு வழக்குத் தீர்ப்பு வந்து அவர் உறுப்பினர் பதவியை இழக்க, 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்து அ.தி.மு.க.வின் எஸ். வளர்மதி வென்றார். அந்த வழக்கில் திரைப்பட வருமானம் எவ்வளவு, பதவிக்காலச் சேர்க்கை எவ்வளவு என்ற கணக்கும் எழுந்தது. கிளைவுக்கு நேர்ந்ததுபோல இங்கும் பதவிக்கு முந்திய சம்பாத்தியம் விசாரணைக்கு உரிய பொருளானது.

வழக்கறிஞர்கள் இந்த வரலாற்றில் குறைவாக வருவதற்குக் காரணம் அவர்கள் இல்லாமை அல்ல, மிகுதி. திருச்சியில் 1998, 1999 தேர்தல்களில் வென்று மத்திய மின்துறை அமைச்சரான ரங்கராஜன் குமாரமங்கலமும் வழக்கறிஞரே; அவருடைய பாட்டனார் ப. சுப்பராயனும் தந்தை மோகன் குமாரமங்கலமும் சட்டம் படித்து அமைச்சரானவர்கள். மூன்று தலைமுறைக்கு அரசியல் நடந்த வீட்டில் முன்தொழில் எது, குடும்பத் தொழில் எது என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

இன்று முன்தொழில் என்பது சட்டப்படி அறிவிக்க வேண்டிய விவரம். அரசு ஊழியர் பதவி விலகாமல் தேர்தலில் நிற்க முடியாது; ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரை 102, 191 ஆகிய பிரிவுகள் தகுதி நீக்குகின்றன. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26இல் கல்வி, சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களோடு தம் தொழிலையும் வாழ்க்கைத் துணையின் தொழிலையும் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் பலர் ‘விவசாயம்’ என்றோ ‘சமூக சேவை’ என்றோ எழுதி முடித்துவிடுகிறார்கள். நிலம் வைத்திருப்பதும் உழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுவதால், ஆய்வாளருக்கு அந்தக் கட்டம் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. சொத்துப் பட்டியலே தொழிலைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது.

அண்மைக் காலத்தில் அந்தப் பட்டியல்களில் புதிதாக இடம்பிடித்திருப்பது கல்வி நிறுவனத் தொழில். சுயநிதிக் கல்லூரி நடத்துபவரிடம் கட்டடம், வாகனம், வேலைக்கு எடுத்த நூற்றுக்கணக்கானோர், இடம் கேட்டு வரும் பெற்றோர் எனப் பழைய மருத்துவரின் நோயாளி வட்டத்தையும் பழைய சங்கத்தாரின் உறுப்பினர் வட்டத்தையும் ஒத்த ஒரு வலை இருக்கிறது. வேறுபாடு, இந்த வலையைக் கட்டப் பெரும் முதலீடு வேண்டும். சமயபுரம் அடங்கிய மண்ணச்சநல்லூர்த் தொகுதியில் 2021இல் தி.மு.க. சார்பில் வென்ற சீ. கதிரவன், அந்த ஊரை ஒட்டிப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர்.